செட்டு முதலில் மேலே

எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறீர்கள் சார். அதில் இருப்பது வெறும் காற்றுதான். நாம் இப்போது இழுத்து விடுகிற அதே காற்று. சிலிண்டர், வாயில் கடிக்கும் குழாய், ஜாக்கெட்டு, கண்ணாடி எல்லாம் சேர்ந்த முக்குளிக்கிற செட்டு, பயிற்சி, சர்டிபிகேட் என்று ஆரம்பிக்கவே இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. பரளச்சியில் மானாவாரி நிலம் வைத்திருப்பவன் அதற்கு எங்கே போவான்?

கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. சகாபுதீன் பாய் துபாயில் கப்பலுக்கு அடியில் வேலை பார்த்துவிட்டு அந்தச் செட்டோடு ஊர் திரும்பியவர். நாலு வருடமாக அவர் இறங்குவார், நான் மேலே நின்று கயிறு இழுப்பேன். கூட்டம் முழுக்க அவரைத்தான் பார்க்கும். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், எனக்கு அந்தக் குணமே கிடையாது.

எனக்கும் இறங்க ஆசை என்றேன். பாய் சிரிக்கவில்லை. மல்லாங்கிணறு பக்கம் ஒரு கல்குவாரித் தண்ணீரில் இரண்டு மாதம், ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்.

“செட்டு வாங்க அவசரப்படாத விஜயபாண்டி. அதுவரைக்கும் என்னோடதப் போட்டு எறங்கு” என்றார்.

இரவல் சட்டை எத்தனை நாளைக்கு, நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு மாரிச்சாமி தோட்டத்துக் கிணறு. தோட்டக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். படி இடிந்த கிணறு அது. அங்கெல்லாம் செட்டைக் கழற்றி, கயிற்றில் கட்டி, முதலில் மேலே அனுப்பிவிடுவார்கள். ஆள் பிறகுதான் ஏறுவான். மோட்டாரைச் சங்கிலியில் பாதி தூக்கியிருந்தோம். அதைக் கீழே இருந்த பாய் தலையில் விட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் செட்டு நசுங்கிவிடும். அதனால் பொறுத்திருந்தேன்.

செட்டு வந்தது. வேப்ப மர நிழலில் பத்திரமாக வைத்தேன். பாய் கயிற்றைக் கேட்டார். நான் இடிந்து கிடந்த படிக்கல் ஒன்றைத் தூக்கிப் போட்டேன். தோளில் விழுந்தது. சுவர் இடிகிறது என்று நினைத்துவிட்டார் போல.

“தள்ளி நில்லுப்பா, நீயும் விழுந்துறப் போற” என்றார்.

நல்ல மனுஷன். இரண்டாவது கல் மண்டையைப் பிளந்தது. அப்போதும் சுவரைப் பிடித்த கையை விடவில்லை. மூன்றாவதை விரல்கள் மேல் போட்டேன். தண்ணீர் சிவந்தது, கொஞ்ச நேரம் குமிழி வந்தது, பிறகு அதுவும் நின்றது. சுவர்க் கல் ஒரே ஆள் மேல் மூன்று தடவை விழாது என்று பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் எழுதியிருக்கிறாரே, சரிதான்.

அப்புறம் கூச்சல் போட்டேன். ஊரே கூடியது. ஐம்பதடித் தண்ணீர், தீயணைப்பு ஆட்களின் பாதாளக்கரண்டிக்குப் பாய் சிக்கவில்லை. செட்டுப் போட்டு இறங்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இறங்கினேன். அடியில் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். அக்குளில் கைகொடுத்து அணைத்து, அவர் சொல்லித்தந்தபடியே நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு மேலே வந்தேன். தனியாகச் செய்த முதல் வேலை, ஒரு பிசகு இல்லை.

மூன்றாம் நாள் அவர் மனைவி சைதுன் பீவி ஒரு கவரை நீட்டினார்.

“அவுகள மண்ணுல வைக்க முடிஞ்சது ஒங்களாலதான் தம்பி” என்று அழுதார். செட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் கொடுத்தார்.

செட்டை வாங்கிக்கொண்டேன். கவரைத் தொடவில்லை. பிணம் எடுத்ததற்குக் காசு வாங்குவது பாவம் சார், எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.