ஜனவரியில முட்டை போடுற கோழிங்க

இல்ல டாக்டரம்மா, கோழிக் கொட்டகைக் கதவை இப்பவே தொறக்க வேணாம். ஒரு நிமிஷம். உங்க வெள்ளை அங்கியைப் பார்த்தே உள்ள இருக்குறதுங்க மெரளுதுங்க. இந்த மரக்கட்டை மேல உக்காருங்க. காப்பி வேணாமா? சரி, கையுறை போட்டாச்சு, எப்படிக் குடிப்பீங்க.

எத்தனை செத்துச்சுன்னுதானே கேட்டீங்க? ஏழு. இன்னைக்குக் காலையில ரெண்டு. சொல்றேன்மா, வரிசையா சொன்னாத்தான் எனக்கு வரும்.

ஹெல்சிங்கி பட்டணத்தை விட்டு வடக்க இந்தக் கைனூ பக்கம் வந்த முதல் குளிர்காலம், நானும் எம் பொஞ்சாதி ஹெல்மியும் பண்ணையிலேர்ந்து பதினாலு பெட்டை வாங்கினோம். பெரிய பெரிய கொண்டை, பார்க்க அழகு. மைனஸ் முப்பத்தாறு வந்துச்சு. கொண்டையெல்லாம் கறுத்து உதுந்துபோச்சு. பதினொண்ணு செத்துச்சு. இனிமே கோழியே வேணாம்னேன். ஹெல்மி கேக்கல. பொழைச்ச மூணோட, காட்டோரத்து வீட்டுல கெடைச்ச நாட்டுச் சேவல் ஒண்ணைச் சேர்த்துவிட்டா.

அதுலேர்ந்து பத்தொம்பது குளிர்காலம். பெரிய கொண்டை இருந்தா வெச்சுக்க மாட்டோம். ஜனவரியில, பகலே கொஞ்சூண்டு இருக்குமே, அப்போ விளக்கு போடாம எவ முட்டை போடுறாளோ அவ முட்டையைத்தான் அடை வைப்போம். அடையை விட்டு எந்திரிச்சு ஓடுறவ சூப்புக்குப் போயிடுவா. ஹெல்மிக்கு அந்த விஷயத்துல ஈவிரக்கமே கெடையாது. உன்னையும் ஒரு குளிர்காலம் வெளியில விட்டுப் பார்த்துட்டுத்தான் கட்டியிருக்கணும்னு சொல்லுவா. மூணு வருஷமாச்சு அவ போய்ச் சேர்ந்து.

தெரியும்மா, தெரியும். பறவைக் காய்ச்சல் பரவுது, கோழிங்களை உள்ளயே அடைச்சு வைங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க. ஏரியில ஐஸ் உருகினதும் அன்னமெல்லாம் வந்து எறங்கிச்சு, கரையில ஒண்ணு செத்துக் கெடந்ததையும் பார்த்தேன். ஆனா ஆறு மாசமா இருட்டுலயே கெடந்ததுங்க, வெயில் தெரிஞ்சதும் கதவுகிட்ட வந்து நின்னுச்சுங்க. தொறந்துவிட்டுட்டேன்.

முதல்ல செத்தது சனிக்கிழமைன்னு போன்ல சொன்னேன்ல? சனிக்கிழமை இல்ல. அதுக்கு முந்தின புதன். மூஞ்சி வீங்கி, கொண்டை நீலமா இருந்துச்சு. குளிரா இருக்கும்னு நெனைச்சேன். இல்ல, அப்படி நெனைச்சுக்கிட்டேன். சவுனாக் குளியல் கொட்டகைக்குப் பின்னால பொதைச்சுட்டேன். எடம் காட்டுறேன்.

எல்லாத்தையும் கொன்னுடுவீங்கல்ல? ஒண்ணு ரெண்டு விட முடியாதா? முடியாதுதான். கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்தப் பயத்துலதான் செஞ்சேன். ஹெல்மி உண்டாக்குன இனம் இதோட அழிஞ்சுடுமேன்னு. அந்த முதல் கோழியைப் பொதைச்ச மறுநாளே, நல்லா இருந்ததுல மூணு பெட்டை, ஒரு சேவல், பெட்டியில போட்டு எம் மக ஸன்னி வீட்டுல கொண்டு விட்டுட்டேன். சோத்கமோவுல இருக்கா. ஒண்ணு செத்துப்போனதை அவகிட்டச் சொல்லல. கொட்டகைக் கூரையைச் சரி பண்றேன், பத்து நாள் வெச்சிருன்னு சொன்னேன்.

எழுதிக்கங்க. திட்டணும்னா திட்டுங்க.

அந்த நாலும் போயிடும்னு புரியுதும்மா. நான் அதுக்காகச் சொல்லல. எம் பேத்தி, அஞ்சு வயசு. கோழியை மடியில வெச்சுக்கிட்டாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும். காலையில ஸன்னி போன் பண்ணா. புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சலாம், விடாம இருமுறாளாம். பாலர் பள்ளியில எல்லாருக்கும் ஜலதோஷம்ப்பா, அதுதான்னு சொன்னா. நானும் ஆமாம்மா, ஜலதோஷமாத்தான் இருக்கும்னு சொல்லி வெச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் உங்க ஆபீஸுக்குப் போன் போட்டேன்.

நம்பர் சொல்றேன். நீங்களே அவகிட்டப் பேசுங்க டாக்டரம்மா. எனக்கு வாய் வரமாட்டேங்குது.