எதை வச்சுத் திறக்கட்டும்?

"…நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லத்தானே இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய வாங்கிப் போட்டிருக்கு? அது என்னைக் கேக்குது கண்ணு! 'இதை எதை வச்சுத் திறக்கட்டும்'னு என்னையே கேக்குது! கதவா இருந்தா சாவிய வச்சுத் திறன்னு சொல்லலாம். டப்பாவா இருந்தா கரண்டிக் காம்ப வச்சு நெம்புன்னு சொல்லலாம். இதுக்கு நான் என்னத்தச் சொல்ல? உக்காரு, உக்காரு. நீ நின்னா எனக்குப் பேச்சு வராது."

மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் உட்கார்ந்தாள். பேன்ட் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டு உடனே போய்விடலாம் என்று வந்தவள்தான். என்ன வேலை என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிற வேலை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பேன்ட் ஒரு மூலைக்குப் போனது; அவள் கம்ப்யூட்டர் முன்னால் வந்து சேர்ந்தாள்.

கத்தரியம்மா வீட்டு முன்னறை முழுக்க எம்பிராய்டரி மெஷின்தான். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது மருமகள். அதைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருகி ஓட்டுவது, பிசிறு வெட்டுவது, மடித்துக் கொடுப்பது மாமியார் கத்தரியம்மா. கழுத்தில் நாடா கட்டி எந்நேரமும் ஒரு சின்னக் கத்தரி தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள் என்று தெருவில் சொல்வார்கள். அவளைக் கேட்டால் அதுவும் பொய் என்பாள்.

"இங்க பாரு, டிசைன் எல்லாம் வெள்ளத் தாளா நிக்குது. போன வாரம் வரைக்கும் ஒவ்வொண்ணும் பூவும் பறவையுமா கலர் கலரா இருந்துச்சு. இப்பத் தொட்டா, 'எதை வச்சு, எதை வச்சு'ன்னு ஒரு பட்டியல நீட்டுது. சரி போகட்டும்னு அந்தப் பாட்டு கேக்கறதத் தட்டினேன். பாட்டும் வரல, பூவும் வரல. அப்புறம் எழுத்து எழுதறதத் தட்டினேன். ஐயோ, நீ பாத்திருக்கணும்… கட்டம் கட்டமா, பூச்சி பூச்சியா, திரை பூரா ஊருது. கைய எடுத்துட்டேன். எனக்கே அரிப்பு எடுத்த மாதிரி ஆயிடுச்சு. மெஷினாவது படிக்கும்னு கொண்டு போய்ச் செருகினா, அது 'ஒண்ணுமே இல்ல'ங்குது. இருக்கு கண்ணு! உள்ள இருக்கு! கண்ணு முன்னாடி இருக்கறத இல்லங்கறதுக்கு ஒரு மெஷின் வேணுமா? என் மகனே போதும்."

பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"இரு, முழுசாக் கேளு. சாயங்காலம் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. புது ஆஸ்பத்திரி, நாளைக்குத் திறப்பு. அங்க அடுக்கியிருக்கு பாரு, அத்தனையும் அவங்க கோட்டு. ஒவ்வொரு பாக்கெட்டுலயும் ஒரு பல்லு வரணும். சும்மா பல்லு இல்ல, சிரிக்கிற பல்லு. பல்லுக்கு எதுக்கு வாயின்னு கேட்டேன், என் மருமக சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுத்தா. அம்சமா போடுவா. கை அப்படி. மனசுதான்…"

குரலை இறக்கினாள். தெருவுக்குக் கேட்காது, அடுத்த வீட்டுக்கு மட்டும் கேட்கும்.

"பூட்டிட்டுப் போயிட்டா. அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வர்றேன்னா. நானும் சந்தோஷமா, போயிட்டு வாம்மான்னு பையெல்லாம் எடுத்துக் குடுத்தேன். போனதும் பாத்தா எல்லாம் வெள்ளத் தாளு! தான் இல்லன்னா இந்த வீடு ஓடாதுன்னு காட்டறதுக்குத்தானே? போன் போட்டு நல்லாக் கேட்டேன். 'ஏம்மா, என்மேல கோவம்னா என்னத் திட்டு, டிசைன ஏன் பூட்டின'ன்னு. அவ என்ன சொல்றா? 'அத்தை, நீங்க எதையாவது தொட்டீங்களா?'ன்னு என்னையே கேக்கறா! கம்ப்யூட்டரும் அப்படி, அதக் கத்துக்கிட்டவளும் அப்படி, கேட்டா திருப்பிக் கேக்கறது. நான் தொடவே இல்லன்னேன். ரெண்டு வார்த்தை கூடப் போச்சு. 'அப்ப பூட்டினவ எதுக்கு அங்க, நான் வரல'ன்னு வச்சுட்டா. நாலு நாள் போயி அதுக்கு மேலயும் ஆச்சு. என் மகன் இருக்கானே, சாப்பிடும்போது தட்டப் பாத்தே சாப்பிடறான். உப்பு இல்லன்னாக்கூடச் சொல்ல மாட்டேங்கறான்… நீ என்ன, பேசவே மாட்டேங்கற? ரொம்ப அமைதியோ? நல்லது நல்லது. இந்தக் காலத்துல யாரு அடுத்தவங்களப் பேச விடறாங்க?"

பெண் ஒரு வெள்ளைத் தாளின் பெயரைச் சுட்டிக் காட்டினாள்.

"ஆமா, மயில்னுதான் போட்டிருக்கு. அது மயிலு, இது ரோஜா, இது 'ரோஜா ரெண்டு'. பின்னாடியா? பின்னாடி ஒண்ணுமில்லயே. இப்பச் சுத்தமா இருக்கு. முன்னாடிதான் அசிங்கமா ஒரு புள்ளி, புள்ளிக்கு அப்புறம் மூணு இங்கிலீஷ் எழுத்து தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அழகா மயில்னு பேரு வச்சு, அதுக்குப் பின்னாடி வாலு மாதிரி. எல்லாத்துலயும்! நீயே சொல்லு, தைச்சு முடிச்ச துணியில நூல் தொங்கினா விடுவியா? என்கிட்ட வந்து இதுவரைக்கும் ஒரு துணி பிசிறோட வெளிய போனதில்ல. அவ இல்லாத நேரத்துல கொஞ்சம் சுத்தம் பண்ணி வச்சா, வந்து பாத்துச் சந்தோஷப்படுவாளேன்னு… ஒவ்வொண்ணா பேர மாத்தற எடத்துக்குப் போயி, அந்த வால…"

பேச்சை நிறுத்தினாள். பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. உதடு மட்டும் கொஞ்சம் உள்ளே மடிந்திருந்தது.

"என்ன? என்ன அப்படிப் பாக்கற? அதுவும் ஒவ்வொரு வாட்டியும் இங்கிலீஷ்ல ஏதோ கேட்டுச்சு. மரியாதையாக் கேக்கும்போது முடியாதுன்னா சொல்ல முடியும்? ஆமா, ஆமான்னு அமுக்கினேன். 'ரோஜா'ங்கற பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு வேற சண்டைக்கு வந்துச்சு. அதுக்கும் ஆமான்னேன். அதுதான் 'ரோஜா ரெண்டு'. பென் டிரைவையும் விடல. அதுலயும் சுத்தமா… அதத் தொட்டதுன்னு சொல்லுவாங்களா? சுத்தம் பண்ணினதுக்கும் தொட்டதுக்கும் வித்தியாசம் இல்லையா? என்ன சொல்ற? கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

பெண் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். கத்தரியம்மா நடுவில் புகுந்து புகுந்து கேட்டாள்.

"பிசிறு இல்லையா?… எத எத வச்சுத் திறக்கணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற அடையாளமா? அந்த மூணு எழுத்தா?… படம்னா படம் காட்டறதுக்குப் போ, பாட்டுன்னா பாட்டுக்குப் போன்னு… இரு இரு, சட்டையோட கழுத்துல வச்சுத் தைப்பமே, லேபிள்! அந்த மாதிரியா? அட கடவுளே. லேபிளையா நான் வெட்டி வச்சிருக்கேன், கட்டுக் கட்டா! சட்டை சட்டையாத்தான் இருக்கும், யார் அளவுன்னுதான் தெரியாது… அப்ப டிசைன் எதுவும் கெடல? உள்ள அப்படியே இருக்கா? அப்ப ரெண்டு ரோஜா?… வாலு வேற வேறயா இருந்துச்சா! ஒண்ணு அவ திருத்தறதுக்கு, ஒண்ணு மெஷின் படிக்கறதுக்கு… என் மருமகளுக்கு எதையும் ரெண்டு ரெண்டா வச்சாத்தான் திருப்தின்னு அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லிட்டேனே."

பெண் ஓர் ஓரத்தில் இருந்த பெயரைத் தேர்ந்தெடுத்தாள். படமாக இருக்கும் என்று ஊகித்து, பின்னால் ஒரு புள்ளி வைத்து, எழுத்துகளைத் தட்டினாள். வெள்ளைத் தாள் மாறியது. திறந்தாள்.

திரை முழுக்கக் கத்தரியம்மா. வாயோரத்தில் நூல், நெற்றியில் சுருக்கம், ஊசியோடு சண்டை போடுகிற முகம். எடுத்ததே தெரியாமல் எடுத்த போட்டோ. அதற்கு மருமகள் வைத்திருந்த பெயர், 'எங்க முதலாளியம்மா'.

கத்தரியம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இதோட வாலையும் நான்தான் வெட்டியிருக்கேன்," என்றாள். "என்னன்னு கூடப் பாக்கல… நல்லாத்தான் எடுத்திருக்கா. மூக்கு மட்டும் பெருசா… அதுவும் சரிதான், இருக்கறதுதானே வரும். கண்ணு, இதே மாதிரி அந்தப் பல்லுக்கும் வால ஒட்டிடேன். நேரமாகுது… என்ன எழுத்துன்னா? எனக்கு எப்படித் தெரியும்? குப்பையில போன நூலு என்ன கலர்னு யாராவது ஞாபகம் வச்சிருப்பாங்களா? உனக்கும் தெரியாதா? போட்டோன்னா தெரியும், எம்பிராய்டரி பழக்கமில்லையா… அப்ப அவளத்தான் கேக்கணுமா? எழுத்த மட்டும் கேட்டாப் போதும்ல? வேற எதுவும் சொல்ல வேண்டாம்ல?"

பெண் மேஜைமேல் கிடந்த கத்தரியம்மாவின் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

கத்தரியம்மா கோட்டுகளைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். முந்தானையால் போனை ஒரு தரம் துடைத்து, மருமகள் நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"நான்தாம்மா. சாப்ட்டியா?… சரி. அது ஒண்ணுமில்ல, அந்தப் பேருக்குப் பின்னாடி மூணு எழுத்து இருக்குல்ல, பல்லுக்கு…" கழுத்துக் கத்தரியைப் பிடித்துக்கொண்டாள். "தொட்டேன். நான்தான் தொட்டேன். எல்லாத்தையும். வெட்டிட்டேன். நீ ஒண்ணும் பூட்டல."

பிறகு பேச்சு அந்தப் பக்கம் போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. கத்தரியம்மா போனைக் காதில் ஒட்டியபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ம்" என்றாள். "ம்… ம்… ஆமா… ம்" என்றாள். நடுவில் ஒரு தரம் வாயைத் திறந்தாள், தானாகவே மூடிக்கொண்டாள். மேல் வீட்டுப் பெண் சத்தம் காட்டாமல் எழுந்து படியேறிப் போனதை அவள் கவனிக்கவே இல்லை.

கடைசியில் எழுத்துகள் வந்தன. ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினாள். அதைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருகினாள். மெஷினின் சின்னத் திரையில் பல் வந்தது, வாயெல்லாம் சிரிப்பாக.

"வந்துடுச்சும்மா," என்றாள். "மத்ததெல்லாம் அப்படியே கெடக்கு. எது எதுன்னு உனக்குத்தான் தெரியும்… நாளைக்கா? காலையிலயேவா? அவன வண்டியோட அனுப்பறேன்… என்ன, சொல்லு… சரி, தொட மாட்டேன்… அதையும் தொட மாட்டேன்… துணி போட்டுத் தொடைக்கறது கூடவா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. கத்தரியம்மா கம்ப்யூட்டரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, தூசி படிஞ்சா படியட்டும். நீ வா."