முன்தண்டைத் தொடாதீங்க

"ஹலோ... ஹலோ, அத்தான்! பிரிஸ்கில்லா பேசுறேன்... எந்தப் பிரிஸ்கில்லாவா? உங்க தம்பி பொண்டாட்டி. நம்பரைக்கூட அழிச்சிட்டீங்களாக்கும்!... ஆமா, ஆமா, திண்டுக்கல்லதான். ஹார்ட் டாக்டர் கிளினிக் வாசல்ல நிக்கிறேன்... வச்சிராதீங்க! வச்சா திரும்பத் திரும்ப அடிப்பேன்."

உள்ளே பெஞ்சில் அவள் புருசன் ஜெரோம் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழக்கூடாதென்றுதான் பிரிஸ்கில்லா ஸ்கேன் கவரோடு ரோட்டோரம் வந்து நின்றாள். போனுக்குள் பேண்டு செட்டு முழங்கியது. ஆத்தூர்ப் பக்கம் அவள் புருசன் ஊரில் அன்றைக்கு அந்தோணியார் சப்பரம். சப்பரத்தின் முன்பக்கத் தண்டு, அந்த முன்தண்டைத் தூக்குவது அந்தக் குடும்பத்து ஆம்பளைகளின் உரிமை. தோளில் ஏற்றினால் கோயில் வாசலுக்குத் திரும்பும்வரை இறக்கக்கூடாது. போன வருசம் ஜெரோம் நடுத்தெருவில் இறக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். அண்ணன் சூசைமாணிக்கம் ஓடிவந்து ஒரு வாய் தண்ணீரா கொடுத்தார்? ஊர் பார்க்கக் கன்னத்தில் அறைந்து, குடித்துவிட்டுச் சாமி தூக்கினான் என்று பழியைப் போட்டார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்த மனுசனை! அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

"பக்கத்துல யாரு?... அக்கா மட்டுந்தானா? சரி, ஸ்பீக்கர்ல போடுங்க... எதுக்கா? அன்னைக்கு நீங்க மைக்கு இல்லாமலே ஊருக்கே கேக்குற மாதிரி பேசுனீங்கல்ல? இன்னைக்கு உங்க வீட்டுக்காச்சும் கேக்கட்டும்... போட்டாச்சா? அக்கா, உங்க புருசன் செஞ்சதை நீங்களும் கேளுங்க."

கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இந்த ஒரு நாளுக்காகத்தானே அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்!

"உங்க தம்பிக்குப் பிறவியிலேயே கோளாறு இருக்கு, அத்தான். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்ணு இடம் மாறி முளைச்சிருக்காம். ரெண்டு பெரிய ரத்தக்குழாய்க்கு நடுவுல நுழைஞ்சு போகுதாம். சும்மா இருக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. பாரம் தூக்கினா, ஓடினா, நசுங்கி ரத்தம் போகாது... என்னது, ஈசிஜி நல்லா இருந்துச்சா? மல்லாக்கப் படுக்கப்போட்டு எடுத்தா நல்லாத்தான் இருக்கும்! எக்கோவுலயும் பிடிபடல. கேஸ்னு மாத்திரை குடுத்தாங்க, நீங்க நடிப்புன்னீங்க. இப்ப மருந்து ஏத்தி சிடி ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சிருக்கு... ஆபரேசன்தான். குழாயோட வாயைச் சரியான இடத்துக்கு மாத்தித் தைக்கணுமாம். அதுவரைக்கும் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக்கூடாது... இப்ப என்ன 'அச்சச்சோ'? உயிருக்குப் போராடுன மனுசனைக் குடிகாரன்னு அடிச்சீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா? அந்தக் கை வெளங்குமா?"

அப்பாடா! சொல்லியாயிற்று. ஆனாலும் டாக்டர் சொல்லச் சொன்னது ஒன்று மிச்சம் இருந்தது. சொல்லாமலே வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். பாவி மனசு கேட்கவில்லை.

"இன்னொண்ணு. கூடப்பிறந்தவங்க எல்லாருக்கும் இது இருக்கும்னு இல்லையாம். அபூர்வமாத்தான் இருக்குமாம். ஆனா நெஞ்சுவலி, மயக்கம்னு ஏதாச்சும் இருந்தா கட்டாயம் பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னாரு. சொல்லிட்டேன், என் கடமை முடிஞ்சது. வைக்கிறேன்... அக்கா? ஏங்க்கா அழுறீங்க?... அவருக்குமா?... எப்ப இருந்து?... தீவன மூடை தூக்கினா நெஞ்சை அடைக்குதா? நீங்க ஏன் யார்ட்டயும் சொல்லல?... சத்தியம் வாங்கிட்டாரா! நல்லா இருக்கு உங்க சத்தியம்!"

நல்லா வேணும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது. அந்நேரம் பார்த்துப் போனுக்குள் வேட்டுச் சத்தம் கேட்டது. சப்பரம் கிளம்பப் போகிறது. ஜெரோமுக்குப் பதிலாக இந்த வருசம் முன்தண்டுக்கு யார் தோள் கொடுப்பார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அத்தான்! எங்க கிளம்புறீங்க?... தண்டைத் தொடாதீங்க! சொல்றேன்ல, தொடாதீங்க!... ஊரு என்ன சொல்லுமா? என்னமும் சொல்லட்டும்!... ஆள் இல்லையா? சாமி தெருவுலயேவா நின்னுரும்? வேற தோளே இல்லையா ஊருல?... காரணம் கேப்பாங்களா? குடிச்சிருக்கேன்னு சொல்லுங்க! என் புருசனுக்குச் சொன்னீங்கல்ல, அதையே உங்களுக்கும் சொல்லிக்கங்க!... அக்கா, விடாதீங்க, வேட்டியப் பிடிச்சு இழுங்க! வாசக்கதவைப் பூட்டுங்க!... பூட்டுனீங்களா?... உக்காந்துட்டாரா?... செத்த நேரம் அப்படியே இருக்கட்டும். இப்ப வலி இருக்கா?... இல்லையே? இருந்துச்சுன்னா சுக்குத்தண்ணி, சோடான்னு நேரத்தைப் போக்காம உடனே ஆம்புலன்சுக்குப் போன் போட்டிருங்க. இல்லைன்னா காலையில இங்க கூட்டியாங்க. நான் டோக்கன் போட்டு வைக்கிறேன்."

கண்ணில் தண்ணீர் முட்டியது. யாருக்காக என்று அவளுக்கே பிடிபடவில்லை. எரிச்சலோடு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"போனை அவர்ட்ட குடுங்க... ம்... அத்தான், அழாதீங்க. அழுதா நான் இரங்கிருவேன்னு நினைக்காதீங்க... மன்னிப்பா? அதெல்லாம் எங்கிட்ட கிடையாது... இல்ல, இல்ல, பாவம் பாத்தும் நான் சொல்லல. இன்னைக்குத் தண்டுக்கு அடியில நீங்க செத்து விழுந்திருந்தா, சாமி தூக்கியே செத்த புண்ணியவான்னு ஊரே மாலை போட்டிருக்கும். என் புருசன் காலம் பூராவும் குடிகாரனாவே நின்னிருப்பாரு. அது நடக்க விடமாட்டேன். நீங்க இருக்கணும். ஆபரேசன் முடிஞ்சு அவரு ஊருக்குள்ள நடந்து வாரப்ப, எல்லாரும் பாக்க, எந்தம்பி குடிக்கல, நாந்தான் பொய் சொன்னேன்னு உங்க வாயால சொல்லணும். அதுவரைக்கும் சாகுற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க, சொல்லிட்டேன்!"

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்தாள்.