பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து

யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது, ஐயா. தொலைபேசி இரண்டாவது முறை மணியடிக்குமுன் எடுத்துவிடுவேன். அன்று காலையும் அப்படித்தான் எடுத்தேன்.

குழந்தைகள் மருத்துவமனையில், டாக்டர் பதியும் மருந்தளவைத் திரையில் காட்டும் புரோகிராமை எழுதியவன் நான். செவிலியர் கண்ணுக்குப் புள்ளி தப்பிவிடக் கூடாதே என்று எண்ணை இரண்டாகப் பிரித்தேன். முழுப்பகுதி கறுப்பில், புள்ளிக்குப் பின்னால் வருவது சிவப்பில். அவர்கள் மேல் உள்ள கரிசனத்தில் செய்ததுதான்.

பின்பகுதியையும் தனி எண்ணாகச் சேமித்தேன். தனி எண்ணாகிவிட்டால் முன்னால் நிற்கும் பூஜ்யத்தைக் கணினி உதிர்த்துவிடும். ஒன்றரையும் இரண்டேகாலும் போட்டுச் சோதித்தேன், சரியாக வந்தன. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்தைப் போட்டுப் பார்க்கவில்லை. அன்று டாக்டர் பதிந்தது அதைத்தான். திரையில் பூஜ்யம் புள்ளி ஐந்து என்று பத்து மடங்காக வந்தது.

போனில் பேசியவர் மூத்த செவிலி. "தம்பி, பச்சப்புள்ளைக்கு அரை மில்லின்னு காட்டுது. அதிகமா இருக்கே? டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார்."

"சிஸ்டர், கம்ப்யூட்டர் தூங்கி வழியாது. நீங்கதான் டபுள் டியூட்டி பார்த்து சொக்கிப்போய் இருக்கீங்க."

"வாய்க்கொழுப்பைப் பாரு," என்று சிரித்தார். மருந்தைக் கொடுத்தார். பிறந்து ஒன்பது நாளான குழந்தை. மதியத்துக்குள் மூச்சு நின்றது.

சேதி கேட்டதும் சோதித்தேன். ஐந்து நிமிடத்தில் பிழை தெரிந்தது. ஒரே ஒரு வரிதான், திருத்தினேன். இனி எந்தக் குழந்தைக்கும் ஆபத்தில்லை. பிறகு, இறந்த குழந்தையின் பதிவிலும் அந்தப் பூஜ்யத்தைச் சேர்த்தேன்.

விசாரணையில் அந்தப் பதிவைச் செவிலியிடம் காட்டினார்கள். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து என்று அவரே வாய்விட்டுப் படித்தார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு தம்பி. உங்களுக்குப் போன் பண்ணதை யார்கிட்டயும் சொல்லல. பாவம், உங்களை எதுக்கு இழுக்கணும்?"

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க சிஸ்டர்," என்றேன்.

அவருடைய இருபத்திரண்டு வருட வேலை போயிற்று. இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்தால்கூடத் தூக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு போகிறேன். அழுது முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருப்பேன். கடவுள் அவரை மன்னிக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து பிரார்த்திப்போம்.

திருத்தாத பழைய புரோகிராமின் பிரதி, மறுவிசாரணை நடத்தும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. நான் எதையும் மறுக்கவில்லை. அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா. ஆறுதல் சொல்ல என்னை விட்டால் அவருக்கு யாருமில்லை.