திராட்சை போடாத ஒன்று

மிரியாந்தி: ...அதை எடுத்துப் பேசித் தொலையேன்டி லூல்லா. காலையில இருந்து உன் மடியில வண்டு புகுந்த மாதிரி கத்திக்கிட்டே இருக்கு.

லூல்லா: செல்போன் கம்பெனிக்காரன் அண்ணி. புதுப் பிளான் வாங்கு, வாங்குன்னு உயிரை எடுக்கறான்.

மிரியாந்தி: பெரிய வியாழன் அன்னிக்குமா?

லூல்லா: அவனுக்கு ஏது வியாழன், வெள்ளி...

மிரியாந்தி: சரி, அதை அணைச்சுட்டு மாவைப் பாரு. நீ பிசையறியா, அடிக்கறியா? மாவு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?

லூல்லா: கெட்டியா இருக்கு அண்ணி.

மிரியாந்தி: மனசு கெட்டியா இருந்தா மாவும் அப்படித்தான் இருக்கும். ராத்திரி தூங்கினியா, இல்லையா? கண்ணைப் பாரு, ஒரு மூட்டை வெங்காயம் உரிச்சவ மாதிரி.

லூல்லா: தூங்கினேன், தூங்கினேன். அடுப்பை மூட்டட்டுமா?

மிரியாந்தி: ஈஸ்ட் போட்ட சீஸ் பூரணம் இன்னும் பொங்கவே இல்ல, அதுக்குள்ள அடுப்பா? இன்னிக்கு என்ன, கால்ல சுடுதண்ணி கொட்டின மாதிரி பறக்கறே?

லூல்லா: சீக்கிரம் முடிஞ்சா நிம்மதிதானே...

மிரியாந்தி: மணி ஒன்பதுகூட ஆகல. பாஸ்கா எங்கயும் ஓடிடாது. அந்த ரேடியோவைத் திருகு, கோயில் பூசையாவது கேப்போம்.

லூல்லா: திருகிட்டேன். சத்தமே காணோம்.

மிரியாந்தி: நேத்து நல்லாத்தானே பாடுச்சு?

லூல்லா: அதுக்கும் வயசாகுதில்ல.

மிரியாந்தி: கரண்ட் இருக்கா பாரு.

லூல்லா: லைட் எரியுதே.

மிரியாந்தி: ம்... சரி, விடு. அப்புறம் பாத்துக்கலாம். இங்க வா. இந்தப் பூரணத்தை மோந்து பாத்து உப்பு சரியான்னு சொல்லு.

லூல்லா: உப்பை மோந்து பாத்தா தெரியுமா? ஒரு விரல் நுனியில தொட்டு நாக்குல...

மிரியாந்தி: கையை எடுடி! நாப்பத்தெட்டு நாள் நோன்பு இருந்துட்டு, கரை சேர்ற நேரத்துல சீஸை நக்கணுமா? இத்தனை வருஷமா மூக்கை வெச்சுத்தான் கலக்கறேன். ஒரு தடவையாவது தப்பியிருக்கா?

லூல்லா: எண்பத்தொண்ணுல தப்புச்சு. தெருவே ராத்திரி முழுக்கத் தண்ணி குடிச்சுது.

மிரியாந்தி: அது சீஸ்காரன் தப்பு! ஆட்டுப்பால் சீஸ்னு சொல்லிட்டு உப்புப் பாறையைக் குடுத்தான். மோந்து பாரு.

லூல்லா: ம்... புதினா வாசனை நல்லா வருது. மாஸ்டிக் பிசினும் வருது. சரியா இருக்கு அண்ணி. ஆனா இவ்வளவு எதுக்கு? எப்பவும் பாஸ்காவுக்கு நாப்பது ஃபிலாவுனா ரொட்டிதான் சுடுவோம். இது எண்பது வரும்போல இருக்கே?

மிரியாந்தி: வரட்டும்.

லூல்லா: யாரு திங்கறது?

மிரியாந்தி: உன் வீட்டுல ரெண்டு தடிப்பசங்க இருக்கானுங்க. தெரு இருக்கு. பாதிரியார் இருக்காரு. ஏன்டி, நோன்பு முடிஞ்சா எண்பது காணுமா நம்ம ஆளுங்களுக்கு?

லூல்லா: இல்ல, கேட்டேன்...

மிரியாந்தி: கேக்காம உருட்டு. தட்டு அளவுக்குத் தேய்க்கணும், எள்ளுல ஒத்தி எடுக்கணும். ஒரு பக்கம்தான் எள்ளு! ஐயோ, ரெண்டு பக்கமும் புரட்டறா பாரு! கண்ணாடி எங்கடி?

லூல்லா: வீட்டுல மறந்துட்டேன்.

மிரியாந்தி: நாப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் கண்ணாடி போட வெக்கம். உங்க வீட்டு ரத்தமே அப்படித்தான். உங்க அண்ணனும்... சரி, உருட்டு. ஏய், அந்தப் பாட்டிலை எதுக்கு எடுக்கறே?

லூல்லா: ஒரே ஒரு மடக்கு அண்ணி.

மிரியாந்தி: அடியே! அது என் முட்டிக்குத் தேய்க்கற ஜிவானியா சாராயம்! அதுல மிளகாய் ஊறப் போட்டிருக்கு!

லூல்லா: ஐயோ... மாதாவே... தொண்டை எரியுதே!

மிரியாந்தி: எரியட்டும். பெரிய வாரத்துல சாராயம் குடிச்சா எரியாம இனிக்குமா? இந்தா, தண்ணி குடி. என்னடி... அழறியா?

லூல்லா: மிளகாய் அண்ணி.

மிரியாந்தி: ம். மிளகாய்தான்.

மரிக்கூ: உள்ள ஆள் இருக்கா? மிரியாந்தி!

மிரியாந்தி: வாங்க மரிக்கூ அக்கா. கதவு திறந்துதான் இருக்கு.

மரிக்கூ: ஒரு கை எள்ளு குடும்மா. எல்லாம் தீந்துபோச்சு. ஏன், உங்க வீட்டுப் போனுக்கு என்ன ஆச்சு? நாலு தடவை அடிச்சேன், மணியே போகல.

லூல்லா: லைன் ரிப்பேர்.

மிரியாந்தி: ஆமா, லைன் ரிப்பேர்.

மரிக்கூ: எங்க வீட்டுல நல்லாத்தானே இருக்கு? பக்கத்து வீட்டு லைன் மட்டுமா...

லூல்லா: இந்தாங்க அக்கா எள்ளு. போதுமா? இன்னும் வேணுமா? பையில போட்டுத் தரட்டுமா?

மரிக்கூ: விரட்டாதடி, உக்காரவே இல்ல இன்னும். சேதி தெரியுமா? கீழ்த்தெரு எலெங்கூவோட தம்பி எலும்பு கிடைச்சிருச்சாம்! முந்தாநாள் அந்த ஆய்வுக்கூடத்துல இருந்து வந்து சொல்லியிருக்காங்க. எழுபத்துநாலு சண்டையில காணாமப் போன பையன்...

லூல்லா: சரி அக்கா, அடுப்பை மூட்டணும்...

மரிக்கூ: கேளுடி. பாவம், அவ அன்னிக்குத்தான் பூரணம் கலக்கி மூடி வெச்சிருந்தாளாம். அவ்வளவையும் அப்படியே கோழிக்குக் கொட்டிட்டா. சாவு வீட்டுல ஃபிலாவுனா சுட முடியுமா? இனி தெருவுல நாமதான் ஆளுக்கொரு தட்டு கொண்டுபோய்க் குடுக்கணும். அதான் எள்ளு தேடி வந்தேன்.

மிரியாந்தி: எத்தனை முட்டை போட்டிருந்தாளாம்?

மரிக்கூ: அறுபது! சொல்லும்போதே வயிறு எரியுது. முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தி செத்தவனுக்கு இப்ப துக்கம் காக்கறோம். என்ன காலம் பாரு.

மிரியாந்தி: சேதி வர்ற அன்னிக்குத்தானே அக்கா வீட்டுல சாவு விழுது.

மரிக்கூ: அதுவும் சரிதான். எலும்போட ஒத்துப் பாக்கறதுக்கு ரத்தம் குடுத்தவங்களையெல்லாம் ஒவ்வொருத்தரா கூப்பிடறாங்களாம். உங்களுக்கு இன்னும் ஒண்ணும் வரலையே?

லூல்லா: என்ன வரணும்? ஒண்ணும் வரல! என்ன வரணும் எங்களுக்கு?

மரிக்கூ: அட, எதுக்குடி கத்தறே?

மிரியாந்தி: ஊசின்னாலே அவளுக்கு இன்னும் நடுக்கம் அக்கா. ரத்தம் குடுக்கப் போன அன்னிக்கு மயங்கி விழுந்து, மூணு நர்ஸுங்க சேந்து தூக்கினாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே இப்படித்தான்.

மரிக்கூ: சரிம்மா, சரி. நான் வரேன். எலெங்கூ வீட்டுக்கு நீயும் ஒரு தட்டு வை மிரியாந்தி.

மிரியாந்தி: வைக்கறேன். பன்னிரண்டு வைக்கறேன்.

லூல்லா: ...போயிட்டாளா?

மிரியாந்தி: போயிட்டா. ஏன்டி அவ மேல பாயறே? பாவம், வாய்தான் நீளம். நல்லவ.

லூல்லா: நல்லவளா? எழுபத்தஞ்சுல அகதிக் கூடாரத்துல கிடந்தோமே, மறந்துட்டீங்களா? முத பாஸ்கா. யாரு கேட்டா அவகிட்ட? ஒரு தட்டு ஃபிலாவுனாவைத் துணி போட்டு மூடி எடுத்துக்கிட்டு வந்து நின்னாளே!

மிரியாந்தி: அவ நெனச்சது என்ன? பொண்ணு விதவையாயிட்டா, இந்த வருஷம் சுட மாட்டான்னு நெனச்சா. எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க.

லூல்லா: நீங்க தட்டை வாங்கவே இல்ல.

மிரியாந்தி: வாங்கியிருந்தா? அந்தத் தட்டைக் கையில வாங்கின நிமிஷமே உங்க அண்ணன் செத்துட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும். எனக்கு அப்ப இருபத்தொரு வயசு. கல்யாணமாகி மூணு மாசம்கூட ஆகல, அவரைப் பட்டாளத்துக்காரங்க லாரியில ஏத்திட்டுப் போனாங்க. நான் எதை ஒத்துக்கறது?

லூல்லா: தகர டப்பாவை வெட்டி அடுப்பு பண்ணினீங்க...

மிரியாந்தி: செஞ்சிலுவைக்காரங்க மாவு. பால்பவுடர் வாசனை அடிக்கற சீஸ். ஏழு ஃபிலாவுனா வந்துச்சு. ஏழும் ஒரு பக்கம் கருகிப்போச்சு.

லூல்லா: அதுல ஒண்ணு திராட்சை போடாதது. அண்ணனுக்கு.

மிரியாந்தி: ம்.

லூல்லா: என் கைக்கு எட்டாம கயித்துல கட்டித் தொங்கவிட்டீங்க. எனக்குப் பசி உயிர் போகுது, மேல அது ஆடிக்கிட்டே இருக்கு. ஒரு வாரம் ஆடுச்சு!

மிரியாந்தி: கடைசியில திருடித் தின்னவ நீதானே?

லூல்லா: ஐயோ, உங்களுக்குத் தெரியுமா அது?

மிரியாந்தி: பூனைன்னு சொன்னே. கயித்தை அவிழ்த்துத் தின்னுட்டு, துணியை மடிச்சு வைக்கற பூனை.

லூல்லா: அண்ணி!

மிரியாந்தி: அவரு என் கையால ஒரே ஒரு பாஸ்காதான் சாப்பிட்டாரு. நிச்சயம் பண்ணின வருஷம். பிச்சுப் பிச்சு ஒவ்வொரு திராட்சையா எடுத்துத் தட்டு ஓரத்துல வரிசையா வெச்சாரு. எங்கம்மா பாத்துக்கிட்டே இருக்காங்க. எனக்கு மானம் போகுது. பந்தெலிஸ், இது என்ன, ஈ பொறுக்கற மாதிரின்னு கேட்டேன். அடுத்த வருஷம் எனக்கு ஒண்ணு தனியா சுட்டுடு, திராட்சை போடாமன்னாரு.

லூல்லா: அடுத்த வருஷம்...

மிரியாந்தி: சொன்னாரு. நான் சுட்டேன். முப்பத்துமூணு தடவை சுட்டேன். நீ அந்தத் தேய்ச்சதைத் தா, பூரணம் வைக்கறேன். நாலு முனையையும் மடி. மேல கொஞ்சம் திறந்து இருக்கட்டும், மூச்சு விடணும். மறுபடியும் உன் மடி கத்துது பாரு! எடுத்துப் பேசு.

லூல்லா: வேணாம்.

மிரியாந்தி: குடு, நான் பேசறேன். அந்தக் கம்பெனிக்காரனை ஒரு வழி பண்றேன்.

லூல்லா: வேணாம் அண்ணி! அணைச்சுட்டேன். இதோ, முழுசா அணைச்சுட்டேன். நாம வேலையைப் பாப்போம். எந்தக் கிண்ணம்?

மிரியாந்தி: எது?

லூல்லா: அண்ணனோட பூரணம். திராட்சை போடறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணத்துல எடுத்து வைப்பீங்களே. எங்க?

மிரியாந்தி: இல்ல.

லூல்லா: இல்லன்னா? மூடி வெச்சிருக்கீங்களா?

மிரியாந்தி: எடுத்து வைக்கலடி. எல்லாத்துலயும் திராட்சை போட்டாச்சு.

லூல்லா: மறந்துட்டீங்களா? நீங்களா? மாதாவே... இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட... சரி, பரவாயில்ல. பதறாதீங்க. இருங்க, நான் பொறுக்கிடறேன். ஒரு ஃபிலாவுனாவுக்கு எவ்வளவு பூரணம் வேணும், ஒரு கரண்டிதானே...

மிரியாந்தி: லூல்லா.

லூல்லா: இதோ, நாலு எடுத்துட்டேன். அஞ்சு. இந்த வருஷம் மட்டும் சுடாம விடக்கூடாது அண்ணி. எந்த வருஷம் விட்டாலும் இந்த வருஷம் விடக்கூடாது.

மிரியாந்தி: கண்ணாடி இல்லாம சீஸ் கட்டியையெல்லாம் எடுத்துப் போடறே. கையை எடு.

லூல்லா: விடுங்க! அவனுக்குப் புடிக்காது! தட்டு ஓரத்துல எடுத்து வைப்பான்னு இப்பத்தானே சொன்னீங்க? ஆறு... இது திராட்சையா, புதினாவா? ஒண்ணுமே தெரியல எனக்கு...

மிரியாந்தி: லூல்லா, இங்க பாரு. அழாதே. பூரணத்துல கண்ணீர் விழுந்தா உப்பு கூடிடும்.

லூல்லா: அண்ணி... நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். பாஸ்கா கழியட்டும்னுதான் நெனச்சேன், சத்தியமா. எலெங்கூ மாதிரி நீங்களும் கோழிக்குக் கொட்டக் கூடாதுன்னுதான்... இது கம்பெனிக்காரன் இல்ல. அந்த ஆய்வுக்கூடத்துப் பொண்ணு. திங்கட்கிழமை பேசினா. அண்ணனைக் கண்டுபுடிச்சுட்டாங்க அண்ணி. என் ரத்தத்தோட ஒத்துப்போச்சாம். எப்ப வந்து பாக்கறீங்கன்னு நாள் கேட்டுக் கேட்டு அடிக்கறா. இங்கயும் அடிச்சுடுவாளோன்னு பயந்து, நீங்க கோழிக்கூண்டுக்கு முட்டை எடுக்கப் போனப்ப, மேசைக்குப் பின்னால கையை விட்டு போன் வயரைக்கூட நான்தான் புடுங்கினேன்...

மிரியாந்தி: கண்ணாடி போட்டுக்கிட்டுப் புடுங்கியிருக்கணும். நீ புடுங்கினது ரேடியோ வயருடி. போன் வயரை நான் செவ்வாய்க்கிழமையே புடுங்கிட்டேன், நீ இங்க வந்து இருக்கறப்ப அந்தப் பொண்ணு கூப்பிட்டு நீ எடுத்துடக் கூடாதேன்னு. எனக்கும் திங்கட்கிழமைதான் சொன்னா. அவர் தங்கச்சிகிட்ட மட்டும் பாஸ்கா வரைக்கும் மூச்சு விடாதே தாயேன்னு கெஞ்சினேன், சரிங்கன்னா. நீயும் இதையேதான் கெஞ்சியிருப்பே, பாவம் அந்தப் பொண்ணு, யாரையும் காட்டிக் குடுக்கல. கிண்ணத்தை நான் மறக்கலடி. திராட்சையைக் கையில வெச்சுக்கிட்டு ராத்திரி ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் கொட்டிக் கலக்கிட்டேன். வர்ற வருஷம் நம்ம வீட்டுலயும் சுட முடியாது, மரிக்கூ தட்டு எடுத்துக்கிட்டு வருவா, இந்தத் தடவை வாங்கிக்கறேன். இப்ப மூக்கைத் துடைச்சுட்டு அடுப்பை மூட்டு. இந்த எண்பதும் வெந்து முடியற வரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது.