சூசைராஜின் பதினாறு நிமிஷம்

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து சதுரங்கம் ஆடக் கூடாது சார். கழுத்து பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு எனக்குக் கழுத்து வலி. மற்றபடி நிதானமாகத்தான் இருந்தேன்.

எங்கள் குடும்பம் வடமதுரைப் பக்கம் மாட்டுத் தரகு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கூட்டம். முகம் பொய் சொல்லும், விரல் சொல்லாது. சூசைராஜ் கோர்ட்டில் டைப்பிஸ்ட். திண்டுக்கல் கிளப்பில் எட்டு வருஷமாக என்னைத் தோற்கடித்தே பேர் வாங்கினவர். "ஏலே பெருமாள்சாமி, மாட்டுப் பல்லைப் பிடிச்சுப் பாக்குறவனுக்குக் குதிரை எதுக்கு அப்பு?" என்பார். கிளப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எண்பத்தாறாம் வருஷ மாவட்டப் போட்டியில் கடைசி ஆட்டம் எங்களுக்குள். ஜெயித்தவன் மெட்ராஸ் போகலாம். வாசலில் அவர் சம்சாரம் செபாஸ்தியம்மாள் குளுக்கோஸ் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "சக்கரைக்கு ஊசி போட்டிருக்காரு அண்ணே. வேர்த்துக் கை நடுங்குனா இதை வாயில போட்டுருங்க. ஆட்டத்துல உக்காந்தா அவருக்கு ஒண்ணும் தெரியாது." சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முப்பதாவது நடையில் என் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. முன்னால் என் சிப்பாய்களே சுவர். ஒதுங்க ஒரு கட்டம் கிடையாது. அவர் யானையைக் கீழே இறக்கினால் தீர்ந்தது. அவர் நடை. கடிகாரத்தில் இன்னும் பதினாறு நிமிஷம். கை யானைக்குப் போனது, அந்தரத்தில் நின்றது. விரல் நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பெருமாளு... யாரு நடை?" என்றார்.

"உங்க நடைதான்ணே."

உண்மையைத்தான் சொன்னேன். எதிராளி யோசிக்கும்போது வேறு பேச்சுக் கொடுப்பது விதிப்படி தப்பு.

கன்னத்தில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டார். சதுரங்கத்தில் யோசிக்கிறவனும் மயங்குகிறவனும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவர் இரண்டு தரம் எங்களைக் கடந்து போனார். எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது அவர் மூச்சில் ஒரு குறட்டை வந்தது. பொட்டலம் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

கடிகாரத்தின் கொடி விழுந்ததும் கையைத் தூக்கினேன். நடுவர் வந்து பார்த்து, "சூசைராஜுக்கு நேரம் போச்சு" என்று என் பேருக்கு நேரே ஒன்று போட்டார். அப்புறம்தான் சூசைராஜின் தோளைத் தொட்டேன். பலகை மேலேயே சரிந்தார். பொட்டலத்தைப் பிரித்து அவர் வாயில் போட்டேன். விழுங்கவில்லை.

செபாஸ்தியம்மாளிடம் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும் சார். அவர் புருஷனைக் கடைசிவரை நான் தனியாக விடவில்லை. ஒரு டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.