எடுத்து வைத்த கோடாலி

"ஹலோ... ஹலோ, ஆழ்வாப்பிள்ளை அண்ணையோ?... ஓம், ஓம், சீவரத்தினந்தான். நெல்லியடித் தபால் கந்தோரிலை நிண்டு கதைக்கிறன்... ஓம், அந்தக் கோடாலிதான். எடுத்து வைச்சிருக்கிறியள்தானே?"

சொன்ன பிறகுதான் சீவரத்தினத்துக்குத் தன் பிழை உறைத்தது. ஆவணி மாதம் யாழ்ப்பாணத்து இரும்புக்கடையில் கோடாலியைத் தெரிந்தெடுத்துவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் அவன். மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன்காரன் மரம் தறிக்கக் கூடாது, கோடாலி வீட்டு வாசலுக்கே வரக் கூடாது என்று அவன் மனைவி நல்லம்மா ஒற்றைக் காலில் நின்றாள். கல்லூரியில் தாவரவியல் படிப்பிக்கிற அவன் சிரித்தான்; ஆனாலும் அவள் சொல்லைக் கேட்டான். பிள்ளை பிறந்ததும் ரெலிபோன் எடுப்பதாகவும், கடைக்காரர் கோடாலிக்குப் பிடி போட்டு பஸ்ஸில் அனுப்புவதாகவும் பேச்சு.

இப்போது ரெலிபோன் எடுத்துவிட்டான். பிள்ளை பிறந்த மறுநாளே நல்லம்மா போய்ச் சேர்ந்த செய்தி அந்தக் கடை வரை எட்டியிருக்கவில்லை.

"ஓம்... ஓம் அண்ணை, பிறந்திட்டுது... பெட்டைப்பிள்ளை... சுகம். பிள்ளை சுகம்... கற்கண்டு வேண்டாம். கோடாலியை மட்டும் அனுப்புங்கோ... கோவம் ஒண்டுமில்லை. லைன் சரியில்லை."

குழந்தை கிடக்கும் அறைக்கு மேலே வேம்பு சாய்ந்து நின்றது. வாடைக்காற்று தொடங்குமுன் தறித்தாக வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தான். அதை மட்டும்.

"பிடியோ?... சீமைப் பிடி வேண்டாம் எண்டுறியள்... ம். வெயிலுக்குச் சுருங்கிக் கோடாலி கழண்டு பறக்கும்... பூவரசு?... வளைஞ்சு குடுக்கும், சரி... இரும்புக் குழாய் முறியாது, ஆனால் அடி முழுக்கத் தோளிலை வந்து விழும்... ஓம், ஓம், கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

சுவரில் யாரோ பென்சிலால் இழுத்திருந்த கோட்டைப் பார்த்தபடி நின்றான். விடத்தல் மரப் பிடி கையைக் கன்ற வைக்குமாம். புளி பாரம்தான், ஆனால் பிளவாதாம். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினான்.

"அப்ப புளியே போடுங்கோ. கனகாலம் நிக்க வேணும்... ஆள் பிடிக்கேல்லை, நான்தான் தறிக்கப் போறன்... ஆர், அவவோ?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"அவ இனித் தடுக்கமாட்டா, அண்ணை... இல்லை, சம்மதிக்கேல்லை... பிள்ளை பிறந்து மற்ற நாள்... ஓம்... ஓம், நல்லம்மாதான்... எரிச்சாச்சு."

கம்பியின் இரைச்சல் மட்டும் கேட்டது. வீட்டிலும் இதே கதைதான். அவன் உள்ளே கால் வைத்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி எழுந்து போய்விடுவாள்.

"அண்ணை... ஒண்டும் சொல்லத் தேவையில்லை... இல்லை, வைச்சிடாதையுங்கோ. கதையுங்கோ... பிடியைப் பற்றித்தான். புளி எண்டு சொல்லிக்கொண்டு வந்தனீங்கள்."

ஒரு செருமல் கேட்டது. பிறகு, மெல்ல, பழைய குரல்.

"ம்... வைரமான துண்டாப் பார்த்து... ஓம்... மாரியிலை ஈரத்திலை போடக் கூடாது... ஓம்... இலுப்பெண்ணெய்... ஓம், வீட்டிலை இருக்கு. அவ வாங்கி வைச்சது... கேக்குது, சொல்லுங்கோ."

நேரம் முடிந்துவிட்டதென்று எக்ஸ்சேஞ்சுக்காரன் குறுக்கே வந்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்கோ, ஐயா... அண்ணை, நிக்கிறியளோ? இலுப்பெண்ணெய் பூசி... பூசி, பிறகு?"

லைன் அறுந்தது.